நாடியில் குவாண்டம் தேடாதீர்கள்

வாதம் என்பது இயக்க ஆற்றல், பித்தம் என்பது வெப்ப ஆற்றல், கபம் என்பது நிறை. ஆகவே ஐன்ஸ்டீன் சொன்னதை நம் சித்தர்கள் என்றோ சொல்லிவிட்டார்கள். இந்த வாட்ஸ்அப் செய்தி உறவினர் குழு, பள்ளித் தோழர் குழு, கோயில் திருப்பணிக் குழு என்று எல்லா வாசல் வழியாகவும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், "சார், இது சரிதானே?" என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்த மருத்துவத்தை நையாண்டி செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டு அலமாரியில் ஆடாதொடை மணப்பாகும் இருக்கிறது, இரத்த அழுத்த மாத்திரையும் இருக்கிறது. இரண்டுக்கும் சண்டை வந்ததில்லை. என் கோபமெல்லாம் 'வாதம் = இயக்க ஆற்றல்' என்று போடும் அந்தச் சமக்குறியின் மேல்தான். சமக்குறி போட்டால் இருபுறமும் ஒரே அலகு வர வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பித்தத்தை ஜூலில் அளப்பதா, டிகிரியில் அளப்பதா? மாம்பழம் தின்று உடம்பு சூடாகிவிட்டது என்று சொல்பவரின் நாக்குக்கு அடியில் வெப்பமானியை வையுங்கள். வழக்கமான 37 டிகிரியை ஒட்டித்தான் காட்டும். அதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று ஆகாது. கண் எரிச்சல், கட்டி, நீர்க்கடுப்பு என்று எதையோ கவனித்துத்தான் சொல்கிறார். அவர் கவனித்தது வெப்பநிலையை அல்ல, அவ்வளவுதான். அது என்ன என்று கேட்பது ஆராய்ச்சி. அதற்கு அவசரமாக ஒரு சூத்திரத்தை மாட்டிவிடுவது, கேட்க வேண்டிய கேள்வியை மூடிவிடும் வேலை.

மூடிவிட்டால் யாருக்கு லாபம் என்பதையும் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன்பு எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச உடல் பரிசோதனை முகாம் நடந்தது. மேசையில் ஒரு மடிக்கணினி, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் பளபளப்பான உலோகக் குழாய். அதை ஒரு நிமிடம் கையில் பிடித்தால் போதுமாம். உடம்பின் 'குவாண்டம் அதிர்வு' (குவாண்டம் என்பது அணு அளவில் நடப்பதைச் சொல்லும் இயற்பியல்) பதிவாகி, கல்லீரல் முதல் கால்சியம் வரை பக்கம் பக்கமாக அச்சாகி வரும். வாத பித்த கபக் கணக்கு கடைசிப் பக்கத்தில். கையில் பிடிக்கும் ஒற்றைக் குழாயால் அறியக்கூடியது, மிஞ்சிப் போனால் தோலின் மின்தடை. உள்ளங்கை வேர்த்தால் அதுவும் மாறிவிடும். நான் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். பிறகு கையைக் கழுவி, துடைக்காமல் வந்து, வயதைக் குறைத்துச் சொல்லி மறுபடியும் பிடித்தேன். இரண்டாவது அறிக்கையில் என் சிறுநீரகம் தேறிவிட்டிருந்தது! கருவியை இயக்கிய பையனைத் திட்ட மனம் வரவில்லை. அவனுக்கு அது மாதச் சம்பளம். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அறிக்கையோடு மூவாயிரம் ரூபாய்க்கு லேகியமும் வாங்கிக்கொண்டு போனார் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதில் உச்சம் நெதர்லாந்தில் நடந்தது. உடம்புக்கு நல்ல ஆற்றல் தரும், 5ஜி அலையிலிருந்து காக்கும் என்று விற்ற பதக்கம், கைவளை முதலான பொருள்களை அந்த நாட்டின் அணுக்கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் சோதித்தது. அவை உண்மையிலேயே அயனியாக்கும் கதிர்வீச்சை, அதாவது உயிரணுவைக் கெடுக்கக்கூடிய வகைக் கதிரை, வெளியிடுகின்றன, யாரும் அணிய வேண்டாம் என்று 2021 டிசம்பரில் எச்சரித்தது. விளம்பரத்தில் சொன்ன ஆற்றல் இருக்கத்தான் செய்தது என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

சரி, இயற்பியலுக்கும் உயிருக்கும் உண்மையான உறவு எங்கே இருக்கிறது? என் பார்வையில் குவாண்டத்துக்கு வெகு முன்னால், வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறுவதைப் பற்றிய பழைய வெப்ப இயக்கவியலில் இருக்கிறது. அதன் முதல் விதி பிறந்த கதையிலேயே ஒரு மருத்துவர் வருகிறார். 1840இல் ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானிய இளைஞர் டச்சுக் கப்பலில் மருத்துவராக ஜாவா தீவுக்குப் போனார். அந்தக் கால வழக்கப்படி நோயுற்ற மாலுமிகளின் சிரையைக் கீறி இரத்தம் எடுத்தபோது, அது தமனி இரத்தம்போலப் பளிச்சென்று சிவந்திருந்தது. தவறித் தமனியை வெட்டிவிட்டோமோ என்று ஒரு கணம் பதறினார். பிறகு யோசித்தார். வெப்ப நாட்டில் உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளக் குறைவாக எரித்தால் போதும். ஆகவே ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. உண்ட உணவு, உடல் வெப்பம், செய்யும் வேலை மூன்றும் ஒரே கணக்கில் அடங்க வேண்டும் என்று அங்கிருந்து போய்ச் சேர்ந்தார். 1842இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஆற்றல் அழிவின்மை விதியின் தொடக்கங்களில் ஒன்று. கீழை நாட்டு வெயிலில் ஒரு கிண்ணம் இரத்தத்தைக் கூர்ந்து பார்த்ததில் கிடைத்தது அது.

அடுத்து சமநிலை. வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றமும் சமநிலையில் இருந்தால் ஆரோக்கியம் என்று நம் மருத்துவம் சொல்கிறது. இயற்பியலில் முழுச் சமநிலை அடைந்த உடம்புக்கு ஒரு பெயர் உண்டு: பிணம். சுற்றுப்புறத்தோடு வெப்பமும் அழுத்தமும் அயனிகளும் சரிநிகராகிவிட்டால் அங்கே உயிர் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர்கூட 80 முதல் 100 வாட் வரை வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார். நரம்பு உயிரணுவின் சவ்வு ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமன். அதன் இருபுறமும் சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம். சின்ன எண்ணாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கு மேல் வரும். அந்த வித்தியாசம் கரைந்துவிடாமல் சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் இறைத்துக்கொண்டே இருக்கத்தான் சாப்பாட்டில் கணிசமான பங்கு செலவாகிறது. 1943இல் டப்ளினில் குவாண்டம் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் ஆற்றிய உரைகளின் மையக் கருத்துகளில் இதுவும் ஒன்று: உயிர், சுற்றுப்புறத்திலிருந்து ஒழுங்கை உறிஞ்சிக்கொண்டு சமநிலையில் விழாமல் தப்பிக்கிறது. இப்படிச் சமநிலைக்கு வெளியே நிற்கும் அமைப்புகளில் ஒழுங்கு தானாகவே எழும் என்று காட்டியதற்காகப் பிரிகோஜின் என்ற அறிவியலாளருக்கு 1977இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அப்படியானால் முக்குற்றச் சமநிலை என்ற கருத்து தவறா? மருந்து அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள். வளி முதலாக எண்ணிய மூன்றும் 'மிகினும் குறையினும்' நோய் செய்யும் என்கிறார் வள்ளுவர். ஒரு வரம்புக்குள் ஏறி இறங்கலாம், மீறினால் துன்பம் என்ற பொருள்தான் எனக்குத் தெரிகிறது. தராசு முள் அசையாமல் நிற்கும் சமநிலை இதில் இல்லை. இதயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நலமான இதயம் கடிகாரம்போல ஒரே இடைவெளியில் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று விரையும், விடும்போது சற்றுத் தாழும். மாரடைப்பு வந்தவர்களில் இந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைந்துபோனவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல் என்று 1987இலேயே ஆய்வு வந்துவிட்டது. இந்த இடத்தில் இயற்பியலும் சித்தமும் உட்கார்ந்து பேசலாம். ஐன்ஸ்டீனை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பேச வேண்டிய பொருள் என்றால் நான் நாடியைத்தான் முதலில் வைப்பேன். பெருவிரல் பக்கம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வைத்தியரின் ஆட்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். வாத நாடி அன்னம், கோழி, மயில்போல நடக்கும். பித்தம் ஆமை, அட்டைபோல. கபம் தவளை, பாம்புபோல. மாத்திரை என்ற அளவுக் கணக்கில் வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால். அழகான வருணனை, துல்லியமாக உணர முயன்ற வருணனையும்கூட. இயற்பியல்காரன் இங்கே ஒரு கேள்வி கேட்பான். விரலில் தட்டுவது இரத்தத்தின் ஓட்டம் அன்று, தமனிச் சுவரில் ஓடும் அழுத்த அலை. அதன் வேகம் விநாடிக்கு 5 முதல் 10 மீட்டர், வயதாகிச் சுவர் விறைத்தால் இன்னும் கூடும். மூன்று விரலும் சேர்ந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம். நூறில் ஒரு விநாடிக்குள் அலை மூன்றையும் கடந்து போய்விடுகிறது. ஒரே அலை, மூன்று விரலுக்கும் மூன்று செய்தி எப்படி?

பதில் இல்லாத கேள்வி என்று நான் நினைக்கவில்லை. விரலை அழுத்தும் அளவு மாறினால் தமனியின் உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் மாறும். உணரப்படும் துடிப்பும் மாறும். துடிப்பு அலையை அளக்கும் இன்றைய டோனோமெட்ரி கருவியும் அதே மணிக்கட்டில் தமனியை எலும்போடு லேசாக அழுத்தித்தான் அலையைப் பதிவு செய்கிறது. உடம்பின் கிளைத் தமனிகளில் பட்டுத் திரும்பும் எதிரலைகள் வேறு அதில் கலந்திருக்கும். தேர்ந்த விரல் இவற்றையெல்லாம் படிக்கிறதா, அல்லது எதிரே இருப்பவரின் முகத்தையும் பேச்சையும் படித்துவிட்டு நாடியின் பெயரில் சொல்கிறதா? சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நம் வைத்திய நூல்களில் இயற்பியல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால், எனக்குப் பிடித்த இடம் அடுப்பங்கரை. குடிநீர் என்னும் கஷாயத்தின் செய்முறையில் 'எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி' என்று வரும். வெப்பமானியும் கடிகாரமும் இல்லாத காலம். கொதிக்கும் நீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது; ஆகவே வெப்பநிலை தானே நிலைத்துவிடுகிறது. ஒரு லிட்டரில் முக்காலே அரைக்கால் பங்கு ஆவியாக வேண்டும் என்றால், விறகு எதுவானாலும் நீர் வாங்கிக்கொள்ளும் வெப்பம் சுமார் 23 லட்சம் ஜூல்தான். எவ்வளவு வேகத்தில் என்பதற்குத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயையே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். மருந்தை வறட்டித் தீயில் சுட்டுப் புடம் போடுவதில் காடை, கவுதாரி, கோழி, பன்றி, யானை என்று பெயர் பெரிதாகப் பெரிதாக வறட்டியும் கூடுகிறது. இது அளவீடு. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டால் நானும் சேர்ந்து கைதட்டுவேன்.

சீனத்தில் தூ யூயூ அம்மையார் செய்ததும் இந்த வகைதான். 1967இல் தொடங்கிய மலேரியா மருந்துத் திட்டத்தில் பழைய நூல்களைத் தோண்டிக்கொண்டிருந்தார். மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சாறு ஒருசமயம் வேலை செய்தது, ஒருசமயம் செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டு நூல் ஒன்றில் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்தார். 1971இல் எலி மலேரியா முற்றாக அடங்கியது. 2015இல் நோபல். அந்த மருந்தின் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையே ஒரு பலவீனமான பாலம் இருக்கிறது; ஒட்டுண்ணி இரத்தத்தைத் தின்று வெளியாக்கும் இரும்பு பட்டதும் அது உடைந்து ஒட்டுண்ணியையே கொல்கிறது. பழைய நூலை அவர் கும்பிட்டு வைக்கவும் இல்லை, குப்பையில் போடவும் இல்லை. ஆய்வுக்கூடக் குறிப்பாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் சோதித்தார்.

சோதித்தால் இரு தரப்புக்கும் பிடிக்காத விடையும் வரலாம். நாள்பட்ட இடுப்புவலிக்கு, உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் ஊசி குத்தும் அக்குபங்சர் எப்படி என்று ஜெர்மனியில் 1,162 பேரிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 சதவீதம். ஊசியால் பயனில்லை என்றவருக்கும் அடி, புள்ளிகளின் வரைபடம் புனிதமானது என்றவருக்கும் அடி. எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிக்கும்.

நாடிக்கும் இப்படி ஒன்று செய்து பார்க்க ஆசை. நோயாளிகள் திரைக்குப் பின்னால். துளை வழியே கை மட்டும் வெளியே. அனுபவமுள்ள வைத்தியர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்து எழுத வேண்டும். அதே கை வேறு வரிசையில் அவர்களுக்குத் தெரியாமல் மறுபடியும் வரும். மணிக்கட்டில் அலைப்பதிவும் எடுத்துக்கொள்வோம். முதல் கேள்வி எளியது: ஒரே கையைப் பற்றி ஒரே வைத்தியர் இரண்டு முறையும் ஒன்றையே சொல்கிறாரா? இரண்டு வைத்தியர்கள் ஒத்துப்போகிறார்களா? ஒத்துப்போனால், அலையின் எந்தக் கூறு அவர்கள் விரலில் படுகிறது என்று தேடும் வேலை எங்களுடையது. ஒத்துப்போகவில்லை என்றால், பாடத்திட்டத்தில் நாடிப் பகுதியை என்ன செய்வது என்று அவர்கள்தான் கூடிப் பேச வேண்டும். நாடி மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, நா, நிறம், மொழி, விழி முதலிய எட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்வீர்களானால் நியாயமே. இரண்டாம் சுற்றில் திரையை எடுத்துவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்போம். எந்த முடிவு வந்தாலும் வெளியிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

சித்த மருத்துவக் கல்லூரி நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். புள்ளியியல் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். திரைச்சீலைச் செலவும் என்னுடையது.