பாலத்தின் முனையில் உள்ள இடைவெளி சேதம் அல்ல

பழைய எஃகு டிரஸ் பாலத்தின் (முக்கோணச் சட்டங்களாகப் பிணைத்துக் கட்டிய பாலம்) ஒரு முனை கரைத் தூணோடு பிணைக்கப்படாமல் உருளைகள் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இடைவெளியும் விட்டிருக்கிறது, எனவே பாலம் பெயர்ந்துவிட்டது என்று ஒரு பதிவில் படத்தோடு சொல்லியிருக்கிறார்கள். படம் உண்மையாக இருக்கலாம். முடிவுதான் சரியில்லை.

அந்த முனை அப்படியே கட்டப்பட்டது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே டிரஸ் பாலங்களில் ஒரு முனையை நங்கூர ஆணிகளால் இறுக்கிவிட்டு, மறுமுனையை உருளைகள் மேல் விடுவது வழக்கம். எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் மீட்டருக்குச் சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். இரு தூண்களுக்கு இடையே 60 மீட்டர் நீளமுள்ள பாலத்துக்கு, 40 டிகிரி வித்தியாசத்தில், கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டர்! அதற்கு இடம் விடாமல் இரு முனைகளையும் பூட்டினால், அந்தத் தள்ளு விசை முழுக்கத் தூணின் தலையில் இறங்கும். சொல்லப்போனால், பராமரிப்புக்காரர்கள் பயப்படுவது இதற்கு நேர்மாறான விஷயத்துக்கு: மண்ணும் துருவும் அடைத்து உருளைகள் நகராமல் போவதற்கு. அதனால்தான் அவற்றைச் சுத்தம் செய்து கிரீஸ் போடுகிறார்கள்.

நீங்களே பார்க்கலாம். நடைபாதை உள்ள பாலம் என்றால், நகரும் முனையில் இருக்கும் இணைப்பின் இடைவெளியை விடியற்காலையில் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். அப்புறம் அதே நாள் பிற்பகல் வெயிலில் அதே இடத்தில் அளந்து பாருங்கள், குறைந்திருக்கும். ரயில் பாலமாக இருந்தால் மட்டும் தண்டவாளம் பக்கம் போகவேண்டாம். கரையில் ஒரே இடத்தில் நின்று இரு வேளையும் ஜூம் செய்து படம் எடுத்து ஒப்பிட்டாலே போதும்.