அணுகுண்டுக்குப் பயந்து பிறந்ததா இணையம்?

"அணுகுண்டுப் போரிலும் அறுந்துபோகாத தொடர்புக்காக அமெரிக்க ராணுவம் கட்டியதுதான் இன்டர்நெட்" என்றொரு செய்தி மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்பிய கதை இது. தாக்குதலுக்குப் பிறகும் இயங்கும் வலையைப் பற்றி 1964-ல் விரிவாக எழுதியவர் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் பால் பேரன். அந்த வலை கட்டப்படவே இல்லை. 1969 அக்டோபர் 29-ல் முதல் செய்தி போன, இணையத்தின் முன்னோடி வலையான ஆர்ப்பாநெட் வேறு. அதற்குப் பணம் கொடுத்தது பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு என்பது உண்மைதான். ஆனால் அதைத் தொடங்கிவைத்த பாப் டெய்லருக்கு வேண்டியிருந்தது, விலை உயர்ந்த கணினிகளை ஆய்வாளர்கள் தூரத்திலிருந்தே பகிர்ந்துகொள்ளும் வசதி.

சரி, ஆர்ப்பாநெட் எதில் புதுமை? தேரோட்டத்தன்று மாசி வீதிகள் தேருக்கு மட்டும்தான். பழைய தொலைபேசியும் அப்படித்தான்: நீங்கள் பேசாமல் இருந்தாலும், போனை வைக்கும்வரை அந்தப் பாதை உங்களுக்கே. ஆர்ப்பாநெட்டின் பாக்கெட் முறை, அதாவது தகவலைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பும் முறை, அன்றைய ஆட்டோக்காரரைப் போல. மாசி வீதி அடைத்திருந்தால் வெளி வீதி வழியாகப் போய்விடுவார். தகவல் துண்டு துண்டாகக் கிடைத்த வழியில் போய், சேருமிடத்தில் வரிசையாகக் கோக்கப்படும். தொலைபேசியில் மூளை எக்ஸ்சேஞ்சில் இருந்தது. இணையத்தில் அது இரு முனைக் கணினிகளில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

அப்புறம், 1970-களில் இணையத்தின் அடிப்படைத் தொடர்பு விதிகளான டிசிபி/ஐபியை வடிவமைத்தபோது, வலையின் ஒரு பகுதி போனாலும் தொடர்பு நிற்கக் கூடாது என்பதும் இலக்குகளில் ஒன்றாக இருந்தது. வதந்திக்குள் இருக்கும் உண்மை அவ்வளவுதான்.