விமான நிலையத்தின் ‘இருப்பிடம்’ எது?

விமான நிலையத்தின் அதிகாரப்பூர்வ ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகள்) கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் குறிப்பவை என்றும், விமானிகள் அவற்றை நோக்கியே தரையிறங்குகிறார்கள் என்றும் சொல்லப்படுவது தவறு. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விமான நிலையங்களுக்கான விதித்தொகுப்பான 14ஆம் இணைப்பின்படி, அந்த ஆயங்கள் குறிப்பது நிலையத்தின் தொடக்ககால அல்லது திட்டமிட்ட வடிவியல் மையத்துக்கு அருகே நிறுவப்படும் குறிப்புப் புள்ளி. பின்னாளில் நிலையம் விரிவடைந்தாலும் அது வழக்கமாக முதலில் நிறுவிய இடத்திலேயே இருக்கும். அங்கே கட்டடம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. வெறும் புல்தரையாகவும் இருக்கலாம்.

அப்புள்ளி பாகை (டிகிரி), கலை (நிமிடம்), விகலை (வினாடி) அளவில் வெளியிடப்படுகிறது. அட்சரேகையில் ஒரு விகலை என்பது தரையில் ஏறத்தாழ 31 மீட்டர் என்பதால், 45 மீட்டர் அகலமுள்ள ஓடுபாதையில் இறங்க அதை நம்ப முடியாது. அதற்காகவே ஓடுபாதை முனைகள் தனியே அளக்கப்பட்டு, விகலையின் நூறில் ஒரு பங்குவரை தரப்படுகின்றன. நிலையத்தின் உயரமாக வெளியிடப்படுவதும் இப்புள்ளியின் உயரமன்று, தரையிறங்கு பரப்பின் மிக உயர்ந்த இடத்தின் உயரம்.

இந்தியாவில் கட்டட உயர அனுமதிக்கான 2015ஆம் ஆண்டு விதிகள் கூறும் 20 கிலோமீட்டர் ஆரமும் இப்புள்ளியிலிருந்தே கணக்கிடப்படுகிறது. மனை வாங்குவோர், தயவுசெய்து, சுற்றுச்சுவரிலிருந்து அளக்க வேண்டாம்.