'பொட்ச்' வெறும் சொதப்பல் இல்லை

ஆங்கிலத்தில் 'பொட்ச்' (botch) என்று வந்தால் மொழிபெயர்க்கும் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு 'சொதப்பல்' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. மேடையில் வசனம் மறந்தாலும் சொதப்பல்தான். 'பொட்ச்' பிறந்தது கைவேலையில்.

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதன் பொருள் பழுதுபார்த்தல், ஒட்டுப்போடுதல். இகழ்ச்சி துளியும் கிடையாது. 1520களுக்குப் பிறகுதான் 'தெரியாமல் கைவைத்துக் கெடுத்தல்' என்றானது. ஷேக்ஸ்பியரின் மக்பெத் (3ஆம் அங்கம்) கொலையாளிகளிடம் வேலையில் 'பொட்ச்' இருக்கக்கூடாது என்று சொல்லும்போது இந்தப் புதுப்பொருள் ஊறிவிட்டது. 1611 ஆங்கில வேதாகமத்தின் உபாகமத்தில் வரும் 'பொட்ச்' வேறு. அது கொப்புளம், பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. இரண்டையும் குழப்பக்கூடாது.

திருத்துதல் எப்படிக் கெடுத்தலாகும்? திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் பைபர் (கண்ணாடி நார்) வள்ளத்துக்குப் போடும் ஒட்டைப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள பெயின்றைச் சுரண்டி, வள்ளச் சுவரின் தடிப்பைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கவேண்டும். 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் சுற்றிவர 60 மில்லிமீற்றர். உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அசிற்றோனால் துடைக்கவேண்டும். சதுரமீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள மற் (கண்ணாடி நார்ப் பாய்) ஒரு சதுரமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோ றெசின் (ஒட்டும் பிசின்) குடிக்கும். அந்தக் கிலோவுக்கு, றெசினை இறுகவைக்கும் ஹாட்னர் 10 முதல் 20 கிராம். எங்கள் வெயிலுக்கு 10க்குக் கிட்ட நின்றால் போதும். கண்மதிப்பில் ஊற்றினால் கூடியது கொதித்து வெடிப்பு விடும், குறைந்தது பிசுபிசுத்தே கிடக்கும். உருளையால் காற்றுக்குமிழை வெளியேற்றாவிட்டால் அங்கேதான் தண்ணீர் ஏறும். பெயின்றுக்கு மேலேயே ஒட்டினால் பற்றுவது வள்ளத்தில் அல்ல, பெயின்றில். அலை நாலு தரம் அடிக்க, பெயின்றோடு சேர்ந்து பாளமாகக் கழன்று வரும். அடுத்த தரம் முதல் இருந்ததைவிடப் பெரிதாக வெட்டவேண்டும். அதுதான் 'பொட்ச்'.

இதே சொல்லின் 16ஆம் நூற்றாண்டு வடிவம் 'பொட்ஜ்' (bodge). கைக்கு அகப்பட்டதை வைத்து அப்போதைக்கு ஓடவைக்கும் வேலையைத்தான் இன்று பிரித்தானியர் அப்படிச் சொல்கிறார்கள். எங்கள் 'ஒப்பேற்றல்' அதற்குக் கச்சிதம். கடல் நடுவில் ஓட்டைக்குள் துணி அடைத்துக் கரை சேர்வது ஒப்பேற்றல்; அதை நான் மதிக்கிறேன். இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் பச்சை மரத்தில் கதிரைக் கால் கடைந்த 'பொட்ஜர்'களோ கைதேர்ந்த தொழிலாளிகள், அவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

'பொட்ச்'சுக்கு நான் எழுதுவது 'திருத்தப்போய்க் கெடுத்தது'. நீளம்தான், ஆனால் ஒட்டு உள்ளே இருக்கிறது.