சமூகத்தின் பேரால் பேசுவது யார்?

ஆப்பிரிக்கத் தத்துவம் என்றதும் "நாம் இருப்பதால்தான் நான் இருக்கிறேன்" என்ற வரியைப் பகிர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கென்யாவின் ஜான் எம்பிட்டி 1969இல் எழுதியது. அருமையான வரிதான். ஆனால் அந்த 'நாம்' எடுத்த முடிவை 'நான்' ஏற்க மறுத்தால் என்ன ஆகும்? ஆப்பிரிக்கச் சிந்தனையாளர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான்.

நைஜீரியாவின் இஃபியானி மென்கிட்டி 1984இல் எழுதிய கட்டுரையைச் சுற்றித்தான் இன்றும் விவாதம் நடக்கிறது. பிறந்த உடனேயே ஒருவர் முழு மனிதராகிவிடுவதில்லை, ஊரோடு வாழ்ந்து, கடமைகளை ஏற்றுப் படிப்படியாகத்தான் ஆகிறார் என்பது அவர் வாதம். சான்றாக அவர் காட்டுவது சாவுச் சடங்கை: பச்சிளம் குழந்தை இறந்தால் பெரிய சடங்கு கிடையாது, முதியவர் இறந்தால் துக்கம் விரிவாக அனுசரிக்கப்படும். கடமை முன்னால், உரிமை பின்னால் என்ற முடிவுக்கு இந்த வழியில்தான் வருகிறார்.

கானாவின் குவாமே ஜெச்சே இதை மறுத்தார். 'எல்லாரும் கடவுளின் பிள்ளைகள், மண்ணின் பிள்ளை எவரும் இல்லை' என்பது அக்கான் மக்களின் பழமொழி. மனிதருக்கான மதிப்பு பிறப்போடு வருகிறது, ஊர் பார்த்துக் கொடுப்பதல்ல என்பதற்கு அவருக்கு இது ஆதாரம். தான் வளர்ந்த வழக்கத்தையே எடைபோட்டு, வேண்டாம் என்று சொல்லும் திறன் ஒருவருக்கு உண்டு, ஆகவே உரிமையும் உண்டு என்றார். ஆனால் உரிமையும் பொதுநலனும் நேருக்கு நேர் மோதும்போது பொதுநலன் முந்துவதற்கு அவரும் இடம் கொடுக்கிறார். அப்படியானால் மென்கிட்டியிடமிருந்து எங்கேதான் விலகுகிறீர்கள் என்று தத்துவ ஆய்வாளர் பெர்னார்ட் மட்டோலினோ பிற்பாடு கேட்டார். ஜெச்சேயின் தரப்பில் இதற்குத் திருப்தியான பதில் கிடையாது என்றே நினைக்கிறேன்.

மோதலில் எது முந்தும் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. 'சமூகம் முடிவு செய்தது' என்றால், கூடி உட்கார்ந்தது யார், இழப்பு யாருக்கு, இழப்பவர் வாய் திறக்க இடம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்த பே வழக்கைப் பாருங்கள். கேப் டவுனை அடுத்த கயலிட்ஷாவில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். இரண்டு பெண் குழந்தைகள், இருவரும் மைனர். வழக்காற்றுச் சட்டப்படி, அதாவது மக்களின் மரபு வழக்கமே சட்டமாக ஏற்கப்பட்டதன்படி, ஆண் வழிதான் வாரிசு என்பதால் சொத்து இறந்தவரின் தந்தைக்குப் போகிறது. அவரோ, இறுதிச்சடங்குச் செலவுக்காக அந்தக் குடிசையையும் மனையையும் விற்கப் பார்க்கிறார். குழந்தைகள் தெருவுக்கு வர வேண்டியதுதான்.

பழைய ஏற்பாட்டில் வாரிசுக்குச் சொத்து மட்டும் வரவில்லை. இறந்தவரை நம்பியிருந்த அத்தனை பேரையும் காப்பாற்றும் பொறுப்பும் சேர்ந்தே வந்தது. குடும்பம் நகரத்துக்குப் பெயர்ந்து கூட்டுக்குடும்பம் சிதறியபின் பொறுப்பு கழன்றுகொண்டது, சொத்து மட்டும் கைமாறியது. அதற்குமேல், வெள்ளையர் ஆட்சி கொண்டுவந்த 1927ஆம் ஆண்டின் கறுப்பர் நிர்வாகச் சட்டம் அந்த வழக்கத்தை நகரவிடாமல் கட்டிப்போட்டிருந்தது. கடமையே முதன்மை என்று வாதிடுபவர்கள்தான் இதற்கு முதலில் கொதித்திருக்க வேண்டும். நீதிபதி லாங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு ஆண்வழி மூத்தோர் வாரிசுரிமையையே, அதாவது மூத்த ஆண் உறவினருக்கே சொத்து என்ற விதியையே, செல்லாதது என்றது. நீதிபதி எங்கோபோ மாறுபட்டார்: விதியைத் தூக்கி எறியாமல், அதிலுள்ள 'ஆண்' என்ற நிபந்தனையை மட்டும் நீக்கி வழக்காற்றை வளர்க்கலாம் என்றார். எனக்கு லாங்காவின் பக்கமே சரியாகப் படுகிறது. வழக்கு வழக்காக வழக்காறு திருந்தும்வரை எத்தனையோ குழந்தைகள் வீடிழந்து நிற்பார்கள்.

எங்கோபோ விரும்பிய வழி சாத்தியமே இல்லை என்று சொல்லமாட்டேன். லிம்போப்போ மாகாணத்து வலோயி மக்களிடம் அது நடந்தது. 1968இல் தலைவர் ஃபொஃபோஸா இறந்தபோது மூத்த பிள்ளை ஃபிலியா ஷிலுபானா பெண் என்பதால் தலைமை அவருடைய சித்தப்பாவுக்குப் போனது. 1996இல் அரச குடும்பமே கூடி, புதிய அரசியல் சாசனத்தின்படி பெண்ணும் ஆணும் சமம், தலைமை அவருக்கே என்று தீர்மானித்தது. சித்தப்பா மகன் நீதிமன்றம் போனார். கீழே இரண்டு நீதிமன்றங்களிலும் அவருக்கே வெற்றி. 2008இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. தன் வழக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் அதிகாரம் அந்த மக்களின் பாரம்பரிய அமைப்புகளுக்கு உண்டு என்றது. தனி ஒருவரின் சம உரிமையைக் காப்பாற்றியது அங்கே சமூகம்தான். ஆனால் குடும்பம் 1996இல் எடுத்த அந்த முடிவுக்காகவே அந்தப் பெண் 28 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.