ஒரு வாய்த் தண்ணீரும் 38 வினாடி வீடியோவும்

நான்கு நாட்களாக அந்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எந்த ஊர், எந்த வார்டு என்பதெல்லாம் உங்கள் அனைவருக்கும் தெரியும். அந்தச் செவிலியரின் முகத்தை நானும் இன்னொரு முறை ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. வயிற்றில் பெரிய அறுவை முடிந்து மறுநாள் படுத்திருப்பவர் தண்ணீர் கேட்கிறார். "டாக்டர் வந்து சொல்லாமல் தர மாட்டேன்" என்று செவிலியர் சொல்கிறார், சற்றுக் கடுமையாகவே சொல்கிறார். உறவினர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி ஜன்னலில் வைக்கிறார். அவ்வளவுதான், 38 வினாடி. "ஒரு வாய்த் தண்ணீர் தராத அரக்கி" என்று தலைப்பிட்டு அதைப் பகிர்ந்தவர்கள், தண்ணீர் ஏன் தரக் கூடாது என்று ஒருவரிடமாவது கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

நான் 27 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்தவள். அதில் பாதிக் காலம் அறுவை அரங்கு, மீதிப் பாதி சர்ஜிகல் வார்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த 38 வினாடியில் அந்த அறையில் இருந்தவர்களில் நோயாளியின் மேல் அதிகக் கருணை காட்டியவர் தண்ணீர் தராமல் நின்றவர்தான்.

குடலைக் கையாண்டு செய்யும் பெரிய அறுவைகளுக்குப் பின் குடல் சிறிது காலம் அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் உள்ளே போவது கீழே இறங்காது. வயிறு உப்பும், வாந்தி வரும், மயக்கம் முழுதாகத் தெளியாதவர் என்றால் அந்த வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூக்கில் குழாய் போடுவதும், காலையில் வந்ததும் வராததுமாகக் "காற்றுப் பிரிந்ததா?" என்று நாங்கள் கேட்பதும் இதற்காகத்தான். அந்தக் கேள்விக்கு நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பீர்கள். காற்றுப் பிரிந்தால் குடல் அசையத் தொடங்கிவிட்டது என்று பொருள். எங்களுக்கோ அதைவிட நல்ல செய்தி அன்றைக்கு வேறு இருக்காது.

பணிக்கு வந்த மூன்றாம் ஆண்டில் நடந்தது இது. நான் அடுத்த படுக்கையில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்த இடைவெளியில், நாக்கு வறண்டு கிடந்தவருக்கு அவருடைய அண்ணி பிளாஸ்கிலிருந்து அரை டம்ளர் காபி கொடுத்துவிட்டார். இரவு இரண்டு மணிக்கு வாந்தி. பிறகு ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. அந்த அண்ணியைப் போலப் பாசமான மனுஷியை நான் பார்த்ததில்லை. எல்லோரும் தூங்கிய பிறகும் அவருடைய கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவர். பிழைத்து வீட்டுக்குப் போகும்போது அண்ணிக்கு அந்தக் குடும்பமே நன்றி சொன்னது. "பார்த்துக்கொண்டிருக்காமல் நர்ஸ் எங்கே போனாள்?" என்ற கேள்வி மட்டும் எனக்கு வந்தது.

விவரம் தெரிந்த அன்பர் ஒருவர், "இப்போதெல்லாம் அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே தண்ணீர் தருகிறார்களே, டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் தொண்ணூறுகளிலேயே இதைச் சொல்லிவிட்டாரே" என்று எழுதியிருந்தார். உண்மைதான், மறுக்கவில்லை. எத்தனையோ நோயாளிகளை இன்று வீணாகப் பட்டினி போடுவதில்லை, அது நல்ல மாற்றம். ஆனால் யாருக்கு எப்போது தரலாம் என்பதை முடிவு செய்து கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியவர் அறுவை செய்த மருத்துவர். எழுதாத ஒன்றை அந்தப் பெண் கொடுத்து ஏதாவது ஆகியிருந்தால், டென்மார்க்கிலிருந்து யாரும் வந்து அவளுக்காக விசாரணையில் நின்றிருக்க மாட்டார்கள்.

அடுத்து, "அதைத் தன்மையாகச் சொல்லியிருக்கலாமே" என்பவர்கள். சொல்லியிருக்கலாம். நானும் பல முறை அப்படிச் சொல்லத் தவறியிருக்கிறேன். ஒரு கிழவரிடம் கத்திவிட்டுக் கழிவறையில் நின்று அழுதிருக்கிறேன். ஆனால் ஐந்து முறை தன்மையாகச் சொன்னதை யாரும் படம் பிடிப்பதில்லை, ஆறாவது முறைக்குத்தான் கைப்பேசி வெளியே வருகிறது. பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனை இல்லையென்றால் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். நான் இரவுப் பணியில் நாற்பது பேரைத் தனியாகப் பார்த்திருக்கிறேன். அறுவை முடிந்து வந்தவருக்கு முதல் ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். ஒரே இரவில் அப்படி நான்கு பேர் வந்தால் மற்ற முப்பத்தாறு பேரிடம் எந்தக் குரலில் பேசுவது என்று இந்தப் பண்பாட்டுக் காவலர்கள் எனக்குச் சொல்லித் தரலாம். பரிவே வற்றிப்போகும் இந்தக் களைப்புக்கு ஆங்கிலத்தில் 'compassion fatigue' என்று பெயர் உண்டு. 1992இல் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது கார்லா ஜாய்ன்சன் அதைப் பயன்படுத்தினார். நம் ஊரில் அதற்குப் பெயர் திமிர். 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்த செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்டபோதும் இதே சொல்தான் வந்தது.

அறுவை அரங்கில் எங்கள் கருணை உங்கள் கண்ணில் படவே வழியில்லை, ஏனென்றால் அப்போது நீங்கள் மயக்கத்தில் இருப்பீர்கள். வயிற்றை மூடுவதற்கு முன் மாப் (இரத்தத்தை ஒற்றியெடுக்கும் பெரிய துணி), காஸ் (மெல்லிய சல்லாத்துணி), ஊசி எல்லாவற்றையும் எண்ணுவோம். ஒரு முறை ஒரு மாப் குறைந்தது. மூத்த அறுவை மருத்துவர் "நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், தையலைக் கொடு" என்றார். "கணக்குச் சரியாகாமல் தர மாட்டேன் சார்" என்றேன். கை நடுங்கியது. அவர் என்னைத் திட்டிய சொற்களை இங்கே எழுத முடியாது. நான்கு நிமிடம் தேடி, கல்லீரலுக்குப் பின்னாலிருந்து அவரே அதை எடுத்தார். அந்த நோயாளி இன்று எங்கோ நலமாக இருப்பார். என்னை வழியில் பார்த்தாலும் அவருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலில் இந்த எண்ணிக்கையும் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. தலையணையைத் தட்டிப்போட்டு "என்னம்மா, சாப்பிட்டீங்களா" என்று கேட்பது மட்டும்தான் கருணை என்றால், இதற்கு நாம் வேறு பெயர் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் பக்கம் நியாயம் குறைந்தாலும் பரவாயில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கே வயிற்றில் அறுவை நடந்தது. எல்லாம் தெரிந்த நானே அன்றிரவு தண்ணீர் கேட்டேன். மறுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "உன் சர்வீஸைவிட என் சர்வீஸ் அதிகம், கொடு" என்று அதட்டினேன். அவள் பதில் பேசாமல் காஸைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என் உதட்டில் ஒற்றினாள். மறுபடி கேட்டேன், மறுபடி ஒற்றினாள். தாகம் மனிதரை என்ன செய்யும் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததல்ல. ஆகவே அந்த வீடியோவில் கெஞ்சும் மனிதரை நான் குறை சொல்லவே இல்லை.

"நீங்களெல்லாம் பணம் வாங்காமல் எதையும் செய்வதில்லை" என்று கிளம்புவோருக்கு: அதைத் தனியாகப் பேசுவோம், வாங்குபவர்களைப் பெயர் சொல்லிப் புகார் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். தண்ணீர்ப் பாட்டிலை ஜன்னலில் வைத்ததற்கும் அதற்கும் என்ன தொடர்பு? திருக்குறளை மேற்கோள் காட்டி எங்களுக்கு அன்பு கற்பித்தவரும் ஒருவர் இருந்தார். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளையும் அவர் படித்திருக்கலாம். நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து மருந்தைக் கொடுப்பவனையும் வள்ளுவர் சேர்த்தே எண்ணியிருக்கிறார். அந்த நான்காமவரைத்தான் நீங்கள் நான்கு நாட்களாகக் கல்லால் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு மெமோ கொடுத்துவிட்டார்களாம். பகிர்ந்தவர்களில் மூவர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய தாயாருக்கு இடுப்பு எலும்பில் அறுவை நடந்தபோது, மறுநாளே அந்த அம்மாவை வாக்கர் பிடித்து எழுந்து நிற்க வைத்தவள் நான். வலியில் அவர் என்னைச் "சண்டாளி" என்று திட்டினார். காலில் இரத்தம் உறையாமலும் நெஞ்சில் சளி கட்டாமலும் இருக்க அதைச் செய்தே ஆக வேண்டியிருந்தது, செய்தேன். அந்த அம்மா இப்போது தினமும் கோவிலுக்கு நடந்து போகிறார். மகன் நேற்று இரவு வரை அந்தப் பகிர்வை நீக்கவில்லை.