சி.எம்.சி. ஃப்ரீயா பாக்கலன்னா அது சேவை இல்லையா?

போன வாரம் எங்க ஸ்கூல் பேட்ச் வாட்ஸப் குரூப்ல எங்க வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ்) ஆஸ்பத்திரிய பத்தி ஒரே ரகளை. "கிறிஸ்டியன் ஆஸ்பத்திரின்னா சேவை, அப்ப ஃப்ரீயா தானே பாக்கணும், கவுண்டர்ல எதுக்கு காசு"ன்னு ஒருத்தன் கொளுத்திப் போட்டான். இன்னொருத்தன் "எங்கப்பா உயிரோட இருக்காருன்னா அவங்களாலதான், வாய மூடு"ன்னு எகிறினான். ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஓடுச்சு. நான் அங்க ஒண்ணும் சொல்லல. டைப் பண்ண ஆரம்பிச்சா நீளமா போகும்னு தெரியும், அதான் இங்க எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு, சி.எம்.சி. தர்மாஸ்பத்திரி கிடையாது. தர்மாஸ்பத்திரி வேணும்னா அடுக்கம்பாறை ஜி.ஹெச். இருக்கு, அங்க நடக்கற வேலைய நான் கொறைச்சு பேச மாட்டேன். காந்தி ரோடு, பாபுராவ் தெரு பக்கம் போனா பாதி போர்டு பெங்காலிலதான் இருக்கு, கல்கத்தாலேந்தும் அசாம்லேந்தும் ஜனம் ரயிலேறி காட்பாடில வந்து எறங்குது. அவங்க கட்டற காசுல ஒரு பங்கு இல்லாதவங்க பக்கம் போவுது. இருக்கறவன் கிட்ட வாங்கி இல்லாதவனுக்கு பாக்கறதுல என்ன தப்புன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

ஆனா பில்லுல தள்ளுபடி பண்றத மட்டும் சேவைன்னு சொன்னா எனக்கு அது பத்தாது. தள்ளுபடிக்கு நீ போய் கேக்கணும், ஒன் வறுமைய ஒருத்தர் முன்னாடி விளக்கணும். அது எவ்ளோ கூச்சமா இருக்கும்னு கேட்டவங்களுக்குதான் தெரியும். அதனாலதான் எனக்கு சி.எம்.சி.யோட எல்.சி.இ.சி.யு. (லோ காஸ்ட் எஃபெக்டிவ் கேர் யூனிட்) ரொம்ப புடிக்கும். எண்பதுகள்ல ஆரம்பிச்சது, டவுன்ல இருக்கற ஏழைங்களுக்குன்னே சின்ன ஆஸ்பத்திரி. எந்த டெஸ்ட் நெஜமாவே வேணும், எது இல்லாமலே சமாளிக்கலாம், எந்த மருந்து வெல கம்மி ஆனா கேக்கும்னு பாத்து பாத்து செலவ மொதல்லயே கொறைக்கற மாதிரி அமைச்சிருக்காங்க. பீடி சுத்தற அம்மாவோ மண்டித்தெருவுல மூட்டை தூக்கறவரோ கையேந்தாம கட்ட முடியற அளவுக்கு பில்லு வரணும்னு யோசிக்கறது இருக்கே, எல்லாத்தையும் ஃப்ரீயா குடுக்கறத விட அது கஷ்டமான வேலை. ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு சீட்டு எழுதறப்பவும் அத மனசுல வச்சிருக்கணும் இல்லையா.

அடுத்தது பாகாயம் சாட் ஆஸ்பத்திரி, சுத்துப்பட்டு கிராமங்களுக்காக சி.எம்.சி. நடத்தறது. கணியம்பாடி பிளாக் ஆளுங்களுக்கு நான் சொல்லவே வேணாம். ஊர்ல ஒரு பொண்ணு முழுகாம இருக்குன்னா ஹெல்த் எய்டு வீடு தேடி வந்து பேர எழுதிக்கினு போவாங்க, பிரஷர் ஏறிச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு கெளப்பிடுவாங்க. இதே மாதிரி கே.வி.குப்பம் பக்கம் 1977லேந்து ரூசான்னு சி.எம்.சி.யோட கிராமத்து பிரிவு இருக்கு. நாம பாட்டுக்கு சி.எம்.சி.ன்னா ஆற்காடு ரோட்டுல இருக்கற அந்த பெரிய கட்டடத்த மட்டும்தான் நெனைக்கறோம்.

சி.எம்.சி.ல மொத வருஷம் எம்.பி.பி.எஸ். சேர்ற பசங்கள கிராமத்துல தங்க வச்சு வீடு வீடா அனுப்புவாங்க. நான் சின்னவனா இருக்கறப்ப பென்னாத்தூர் பக்கம் எங்க பாட்டி வீட்டுக்கும் ஒரு மலையாளப் பொண்ணு நோட்ட தூக்கிக்கினு வந்துச்சு, தமிழ் அரைகொறை. "பாட்டிக்கு எத்தன கொழந்த"ன்னு கேட்டுச்சு. பாட்டி மொறத்துல கேவுரு பொடைச்சுக்கினே "பொறந்தது எட்டு, நிக்கறது அஞ்சு"ன்னு சொல்லுச்சு, கடைல வெல சொல்ற மாதிரி. அந்தப் பொண்ணு பேனாவ கீழ வச்சுட்டு பாட்டி மூஞ்சியவே பாத்துக்கினு இருந்துச்சு. அப்புறம் அந்த மூணும் எப்படி போச்சு, எத்தன மாசத்துல போச்சுன்னு ஒண்ணொண்ணா கேட்டு எழுதிக்கிச்சு. எங்க வீட்ல யாரும் அதுவரைக்கும் பாட்டிகிட்ட அத கேட்டதே இல்ல. டாக்டருக்கு படிக்க வர்ற பசங்களுக்கு இது முக்கியமான பாடம்னு நெனைக்கறேன்.

இது இன்னிக்கு நேத்து பழக்கமும் இல்ல. சி.எம்.சி.ய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டைல 1870ல பொறந்தவங்க, திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு பொண்ணுங்க பிரசவத்துல செத்தத பாத்துட்டுதான் டாக்டருக்கு படிக்கவே போனாங்க. ஆம்பள டாக்டர் தொடக் கூடாதுன்னு புருஷன்மாருங்க சொல்லிட்டாங்க. அதுல முஸ்லிம் வீடும் உண்டு, இந்து வீடும் உண்டு. படிச்சுட்டு வந்து வேலூர்ல 1900ல ஒரே ஒரு பெட்டோட ஆரம்பிச்சாங்க, 1902ல 40 பெட்டோட ஷெல் ஆஸ்பத்திரி. அப்பவும் அந்தம்மா உள்ளயே உக்காரல, குடியாத்தம் ரோட்டுல மரத்தடி மரத்தடியா நின்னு பாத்தாங்க, மொதல்ல மாட்டு வண்டி, அப்புறம் பியூஜோ காரு. பொம்பளைங்களே பொம்பளைங்களுக்கு பாக்கணும்னு 1918ல மெடிக்கல் ஸ்கூல் தொடங்கினாங்க. 1947லதான் ஆம்பள பசங்களையே சேத்தாங்க.

மதம் மாத்தறாங்கன்னு ஒரு பேச்சு வரும், குரூப்லயும் வந்துச்சு. நாங்க மாரியாத்தாவ கும்புடற குடும்பம். எங்கம்மா அங்க அட்மிட் ஆகி இருந்தப்ப சேப்ளின், அதாவது ஆஸ்பத்திரி பாதிரியார் ஒருத்தர் வந்து "உங்களுக்காக ஜெபம் பண்ணலாமா"ன்னு கேட்டாரு. அம்மா "பண்ணுங்க சாமி"ன்னுச்சு, நெத்தில துண்ணூறு அப்படியே இருந்துச்சு, அவரும் பண்ணிட்டு போய்ட்டாரு, அவ்ளோதான். வேணாம்னு சொன்ன பக்கத்து பெட்டு பாய் கிட்டயும் சிரிச்சுட்டுதான் போனாரு.

2017ல நீட் மார்க்க மட்டும் வச்சு ஆள் எடுக்கணும்ங்கற தகராறுல சி.எம்.சி. எம்.பி.பி.எஸ். 100 சீட்ல ஒரே ஒரு ஸ்டூடண்ட்ட சேத்துட்டு மீதிய காலியா விட்டாங்க. அதுல எனக்கு இன்னும் மனசு ஆறல, 99 டாக்டருங்கன்னா சும்மாவா? ஆனா அவங்க வாதம் என்னன்னு தெரியும். சர்ச்சுங்க ஸ்பான்சர் பண்ணி சேர்றவங்க படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரிங்கள்ல வேலை பாக்கணும், அதுக்கு ஏத்த ஆள வெறும் மார்க்க வச்சு எடுக்க முடியாதுன்னாங்க. பாதி நியாயம்.

என் கொறை வேற. இவ்ளோ இருந்தும் நம்ம ஊர் ஏழைங்களுக்கு முக்காவாசி பேருக்கு இது தெரியறதில்ல. காய்ச்சல்னாலும் வயித்து வலின்னாலும் நேரா மெயின் ஆஸ்பத்திரிக்கு ஓடி, கூட்டத்த பாத்து மெரண்டு, வெளிய வந்து கந்து வட்டிக்கு வாங்கி வேற எங்கயாவது சேந்துடறாங்க. ஒங்க தெருவுல அப்படி யாராச்சும் இருந்தா எல்.சி.இ.சி.யு. எங்க இருக்குன்னு விசாரிச்சு அனுப்புங்க, கணியம்பாடி பக்கம்னா சாட், கே.வி.குப்பம் பக்கம்னா ரூசா. பெரிய ஆபரேஷன்னு சொல்லிட்டாங்கன்னா, கடன் வாங்கறதுக்கு முன்னாடி தள்ளுபடிக்கு ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கர பாக்கணும்னு சொல்லுங்க, கூட ஒரு ஆள் போனா இன்னும் நல்லது.